நாலாவது வளைவில் வராத சைக்கிள்

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கரபத்தனைப் பக்கம் ஒரு தோட்ட ரோட்டில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நான் சாகக் கிடந்தேன். தண்ணீர் ஓடாத இடமே இல்லாத நம்முடைய மலையில் இப்படி நடக்குமா என்று சிலர் சிரிப்பீர்கள். நானும் நடக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

சபையில் சாட்சி சொல்லச் சொல்லிப் போதகர் ஐயா மூன்று முறை கேட்டுவிட்டார். ஆட்கள் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு வாய் வராது. அஞ்சாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். ஆனாலும் மெதுவாக எழுத வரும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகளை டயகமவில் கட்டிக் கொடுத்தேன். வட்டகொடைப் பக்கம் தோட்ட லயத்து வரிசை வீடுகளில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் நான் மட்டும் இருக்கிறேன். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு தேயிலை நிரையில் போவோம். பேச்சு இருக்காது. வீட்டுக்கு வந்தாலும் பேச்சு இல்லை. ஒருநாள் பக்கத்துக் காம்பராப் பிள்ளை நேரம் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் மூன்று நாளாக நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சமயம் ஆராதனைக்கும் வராமல் இருந்தேன். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கசப்பு மனதில் கிடந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

மாதம் ஒரு முறை சைக்கிளில் மகளைப் பார்க்கப் போவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் பேச்சுக் கொடுப்பார். எனக்கு அது கூச்சம். சைக்கிளில் போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஏற்றத்தில் உருட்டுவேன், இறக்கத்தில் ஏறிக்கொள்வேன். போய்ச் சேர அரை நாள் ஆகும்.

தண்ணீர் மட்டும் கொண்டுபோனதே கிடையாது. நம்ம பக்கம் யார் கொண்டுபோகிறார்கள்? வளைவுக்கு வளைவு மலை ஊற்றுக்கு வைத்த பீலியில் தண்ணீர் கொட்டுகிறது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, கையை ஏந்திக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஏற்றத்தில் ஒரு போத்தல் தண்ணீர்கூடப் பாரம். அந்தப் பாரத்துக்கு மகளுக்குக் கொஞ்சம் கரட் கூடுதலாகக் கட்டலாம் என்று நினைப்பேன்.

அன்று காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றுவிட்டுப் புறப்பட்டேன். சம்பலில் உப்பும் உறைப்பும் கூடுதல். வருகிறேன் என்று மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிளில் வராதே என்பாள். பக்கத்துக் காம்பராவிலும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டேன்.

லிந்துலை தாண்டியதும் பஸ் ரோட்டை விட்டு ஒரு தோட்டத்து உள் ரோட்டில் ஏறினேன். குறுக்கு வழி. வளைந்து வளைந்து உச்சி வரைக்கும் ஏற்றம். பத்து மணிக்கே வெயில் நெற்றியைச் சுட்டது. பல வாரமாக மழை இல்லை. முதல் பீலி காய்ந்து கிடந்தது. பாசி கூடக் கருகிவிட்டது. அடுத்ததில் ஈரம் மட்டும் இருந்தது. அதில் தேனீக்கள் உட்கார்ந்திருந்தன. மூன்றாவது பீலியில் தண்ணீர் ஓடியது. ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அப்போதுதான் மேலே பார்த்தேன். குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மருந்தடித்த மலைக்கு நாங்களும் அப்படித்தான் கட்டுவோம். வாடையும் வந்தது. இருபது வருடமாக என் சட்டையில் இருக்கிற வாடை, எனக்குத் தெரியாதா? நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு மேலே, மலை உச்சியில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்றைக்கே கிடைக்கிற கைக்காசுக்கு எடுக்க வந்தவர்கள். யாரோ "ஊ" என்று கூவிக் கையை ஆட்டினார்கள். "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்று நான் திருப்பிக் கத்தியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டினேன்.

கொஞ்ச தூரத்தில் வியர்வை நின்றுவிட்டது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. தேயிலையெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு காலில் நரம்பு இழுத்தது. சைக்கிளோடு ரோட்டோரத்தில் காய்ந்து கிடந்த தண்ணீர்க் கானுக்குள் விழுந்தேன். எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. போனை எடுத்தால் சிக்னல் இல்லை. கரட்டெல்லாம் ரோட்டில் உருண்டு கிடந்தது. அந்த வழியில் ஒரு வாகனமும் வரவில்லை.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. நான் இங்கே கிடப்பது யாருக்குத் தெரியும்? மகளுக்கு நான் வருவது தெரியாது. லயத்தில் நான் போனது தெரியாது. திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். அப்போதுதான் ஆள் இல்லை என்று தெரியும். அதற்குள் முடிந்துவிடும். சாவதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெரிய ஜெபம் எனக்கு வராது. தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. "ஆண்டவரே, நான் இங்கே கிடக்கிறது உமக்காவது தெரியட்டும்" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு சொல்லவும் முடியவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தேயிலைச் செடி சரசரவென்றது.

"ஏங்க! சைக்கிள்காரரே! எங்கங்க இருக்கீங்க?"

ஒரு பெண்பிள்ளை குறுக்குப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். முதுகில் கொழுந்துப் பை அப்படியே தொங்கியது.

"அட கடவுளே, கானுக்குள்ள படுத்திருக்காரு. ஏண்ணே, படுக்க ரோடு பத்தலையா?"

தலையைத் தூக்கிப் பிடித்து, போத்தலில் இருந்த ஆறிப்போன தேத்தண்ணியை வாயில் விட்டாள்.

"மடக்கு மடக்கா குடிங்க. அவசரப்பட்டா எல்லாம் வெளிய வந்துரும். எனக்கு இருக்கிறது இவ்வளவுதான்."

அவள் பேர் மகேஸ்வரி. பேச்சு வந்ததும் நான் முதலில் கேட்டது இதுதான்: "நான் இங்க கிடக்கேன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லணும்? மேல நின்னு பார்த்தா ரோடு மடிப்பு மடிப்பா தெரியும். முதல் வளைவுல இருந்து உங்களத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம். இவரு சைக்கிள உருட்டுறாரா, இல்ல சைக்கிள் இவர உருட்டுதான்னு எங்களுக்குள்ள ஒரே சிரிப்பு. நான் கையாட்டுனேன், நீங்க பெரிய தொரை மாதிரி போயிட்டீங்க. மூணாவது வளைவுல இருந்தீங்க. நாலாவதுல காணோம். எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பாருடின்னு சொன்னாளுக. ஒதுங்கப் போன ஆளு இம்புட்டு நேரமா வராம இருப்பாரு? மனசு கேக்கல. கங்காணி கத்திக்கிட்டே இருந்தாரு, நான் எறங்கிட்டேன்."

நான் அழுதுவிட்டேன். மனைவியை அடக்கம் பண்ணிய நாளுக்குப் பிறகு நான் அழுதது அன்றுதான்.

"ஏண்ணே அழுவுறீங்க? தேத்தண்ணியில சீனி கம்மியா?"

நான் ஜெபம் பண்ணியதைச் சொன்னேன். "எங்க மாரியம்மாதான் காட்டிக் குடுத்தா" என்றாள். "இல்லம்மா, என் ஆண்டவர்" என்றேன். "சரி, ரெண்டு பேருமா சேர்ந்து பார்த்திருப்பாங்க. கால நீட்டுங்க, நரம்ப இழுத்து விடுறேன்" என்றாள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. என் ஜெபத்தைக் கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அவளே என் போனை வாங்கிக்கொண்டு உச்சிக்கு ஏறி, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து என் மகளுக்குப் பேசினாள். மருமகன் ஆட்டோவில் வந்து கூட்டிக்கொண்டு போனார். மகள் சோறு போட்டுக்கொண்டே திட்டினாள். "செத்துப் போயிருந்தா எனக்கு யாருப்பா சொல்லுவா?" திட்டுகிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சகோதர சகோதரிகளே, இப்போது சைக்கிளில் இரண்டு பெரிய போத்தல் தண்ணீர் கட்டாமல் நான் புறப்படுவதில்லை. ஒன்று போகிற வழிக்கு. மற்றது வழியில் விழுந்து கிடக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்கு. நீங்களும் கொண்டுபோங்கள். மாசி, பங்குனியில் பீலியை நம்பாதீர்கள். கிளம்பும்போது பக்கத்துக் காம்பராவில் தலையை நீட்டி, "டயகமவுக்குப் போறேன், ராத்திரிக்குள்ள வந்துருவேன்" என்று சொல்கிறேன். முதல் தடவை சொல்லிவிட்டு, என்ன கேட்பார்களோ என்று வாசலிலேயே நின்றேன். அவர்களோ சாதாரணமாக, "பார்த்துப் போங்க மாமா" என்றார்கள். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஆறு வருடம் பயந்திருக்கிறேன்.

கூச்சம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி காம்பரா இன்னும் வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் என்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு போய்விட்டது. நான் வாய் திறக்கும் முன்னே, முதல் வளைவிலேயே என்மேல் ஒரு கண்ணை வைத்தவருக்கு நன்றி சொல்கிறேன். உங்களில் யாராவது தனியாகக் கிடந்தால், பெரிய ஜெபம் தேட வேண்டாம். இங்கே கிடக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அது போதும்.

இப்போதெல்லாம் மருந்தடிக்க உயரமான மலைக்கு ஏறினால், நிரை முடிந்ததும் நின்று கீழே ரோட்டைப் பார்க்கிறேன். தலையில் விறகோடு ஒருத்தர், புத்தகப் பையோடு இரண்டு பிள்ளைகள், யாரோ ஒரு தபால்காரர். அடுத்த வளைவில் அவர்கள் வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வந்த பிறகுதான் மருந்துத் தாங்கியைத் தூக்கி முதுகில் மாட்டுகிறேன்.