மூக்கரின் வியாழக்கிழமை இருமல்

அந்தச் சலவைக்கடைக்காரரின் சொந்தப் பேரை யாரும் சொல்வதில்லை. தெருவே அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடும். அழுக்குச் சட்டையை முகத்தில் வைத்து ஒரு முறை முகர்ந்தால் போதும், இது பேக்கரிக்காரருடையது, இது மருந்துக்கடைக்காரருடையது என்று பிரித்து அடுக்கிவிடுவார். துணியில் சீட்டுக் கட்டுவது கையாலாகாதவன் வேலை என்பது அவர் கட்சி. சின்ன வயதிலிருந்தே தமக்கு ஆஸ்துமா உண்டு என்பதை மட்டும் அவர் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

இரண்டு மாதமாக வியாழன்தோறும் மூக்கருக்கு இருமல். புதன் மாலை போலீஸ் பயிற்சிப் பள்ளியின் ஏட்டு ஒரு மூட்டைச் சட்டை கொண்டுவந்து போடுவார். "ஒரு மணி நேரம் போட்டதுதான், அழுக்கில்லை. தேய்ச்சுக் குடுத்தாப் போதும்" என்பார். மறுநாள் காலை மூக்கர் ஒவ்வொன்றாய் முகர்ந்து, ஆள்வாரியாகப் பிரித்து, நீராவி இஸ்திரியை வைப்பார். ஆவி கிளம்பியதும் கண் எரியும், தொண்டை கமறும். கடைக்குப் பின்னால்தான் வீட்டு அடுப்படி.

"ஏய், மிளகாய் வறுக்கிறியா? கதவைச் சாத்திக்கயேன்!"

"பால் காய்ச்சிட்டிருக்கேன். பால்ல எவளாவது மிளகாய் போடுவாளா?" என்று மனைவி உள்ளிருந்தே கேட்பாள்.

"அப்ப பக்கத்து வீடு."

"அது பூட்டி மூணு மாசமாச்சு. உங்க மூக்குக்குச் சேதி வரலையாக்கும்."

அப்படி ஒரு வியாழன், பதினோராவது சட்டையில் இருமல் நின்றுபோனது. நின்றது நல்லதற்கில்லை. மூக்கருக்கு மூச்சை வெளியே விட முடியவில்லை, உதடு நீலம் பாரித்தது. மனைவி இன்ஹேலரை அவர் வாயில் திணித்து, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அவர் சட்டையைக் கழற்றிய நர்ஸுக்கே கண்ணில் நீர் கொட்டியது. மருந்துப் புகை வரும் குழாயை மூக்கர் முகத்தில் மாட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்.

"போலீஸ் துணி ஏதாவது தொட்டாரா?"

"தொட்டாரா? முகர்ந்தார்" என்றாள் மனைவி.

"அது மிளகாய் ஸ்ப்ரேம்மா. எண்ணெய் மாதிரித் துணியில ஒட்டிக் காஞ்சிரும், சூடு பட்டா எழும்பும். நல்ல நெஞ்சுக்காரங்களுக்கே கண்ணு திறக்காது. ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சுக்குழாய் இறுகிடும். இன்னொரு வியாழன் இப்படி ஆனா, இங்க வந்து சேர நேரமிருக்காது."

மூக்கர் குழாயை விலக்கினார். "துணியில அப்படி ஒண்ணு இருந்தா, என் மூக்கு சொல்லியிருக்குமே!"

"சொல்லிச்சே! மிளகாய்னு சரியாத்தான் சொல்லிச்சு. நீங்கதான் அடுப்படியைப் பாத்துக் கத்துனீங்க. குழாயை வைங்க" என்றாள் மனைவி.

மூக்கர் வைத்தார்.

அடுத்த புதன் ஏட்டு வந்தபோது மூக்கரும் மனைவியும் அவரை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

"அட, பயிற்சிக்காகப் புதுசா சேர்ந்தவங்க மூஞ்சில அடிக்கிறதுதான். கொஞ்ச நேரம் அழுவாங்க, சரியாயிடும்" என்று ஏட்டு சிரித்தார்.

"அவங்களுக்குச் சரியாயிடும். மிச்சத்தை நான்ல வாங்கி நெஞ்சுல வச்சுக்கிறேன்" என்றார் மூக்கர். "இனிமே தனிப் பையில இறுக்கிக் கட்டி, ஸ்ப்ரேன்னு எழுதிக் கொண்டாங்க. பச்சைத் தண்ணியில சோப்புப் போட்டு ரெண்டு தடவை அலசாம இஸ்திரி கிடையாது. முடியாதுன்னா மூட்டையை எடுத்துக்குங்க."

"ஆளுக்கு ஆள் பிரிக்கணுமே, முகர்ந்து பாக்க மாட்டீங்களா?"

மனைவி கையுறையையும் ஒரு டப்பா சீட்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். மூக்கர் அந்த டப்பாவை, மாமியார் வீட்டுக் கஷாயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு திறந்தார்.

மூன்று வியாழன் இருமலில்லாமல் போயின. நான்காவது வியாழன் திடீரென்று தொண்டை கமற, மூக்கர் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். "அந்த ஏட்டு ஏமாத்திட்டான்! அலசின துணியிலயும் வருது!"

அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டே மனைவி சொன்னாள்: "கத்தாதீங்க. இன்னைக்கு நான்தான்."