அடி வாங்குவது பாடத்தில் இல்லை

அந்தப் பேராசிரியைக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கல்லூரியில் அவள் நடத்துவதோ அகிம்சை. கை ஓங்காமல் போராடியவர்கள் எப்படி ஜெயித்தார்கள், தோற்றவர்கள் எங்கே கோட்டைவிட்டார்கள் என்பதுதான் இருபது வருட ஆராய்ச்சி. மாணவர்கள் வைத்த பெயர் பட்டாசு. திரி கிள்ளாமலே வெடிப்பாளாம்.

'அகிம்சை என்பது அடித்தால் வாங்கிக்கொள்வது' என்று எவனாவது விடைத்தாளில் எழுதிவிட்டால் முட்டைதான். அடிக்கிறவனுக்கு ஒத்தாசை செய்ய மறுப்பதுதான் அகிம்சை, எழுந்திரு என்றால் எழுந்திருக்காதே என்று தொண்டை கிழியக் கத்துவாள். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்து, அகிம்சையைக் கொஞ்சம் மெதுவாக நடத்தும்படி கும்பிடு போட்டுவிட்டுப் போவார்.

அப்பேர்ப்பட்டவளின் தங்கை ஒருநாள் கன்னம் வீங்கி, கையில் ஒரு பையோடு அம்மா வீட்டுக்கு வந்து நின்றாள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவன், கல்யாணமான நாளிலிருந்தே அடிக்கிறானாம். இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அக்கா சீறினாள்.

"நீதானே அக்கா எழுதியிருக்கே, பொறுத்துக்கிட்டா அடிக்கிறவங்க மனசு கரையும்னு. அவர் அதை எனக்கு வாசிச்சே காட்டுவார்."

பட்டாசு அப்படி எழுதியது உண்மைதான், முதல் புத்தகத்தில். ஆயிரம் பேர் தெருவில் கூடி நின்றதைப் பற்றி எழுதியதை, பாவி, பூட்டிய சமையலறைக்குள் ஒருத்திக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். அவன்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே திரும்பியது. கரையுமாம், மனசு! என்ன தைரியத்தில் அப்படி எழுதினாள்?

ஞாயிற்றுக்கிழமை அவன் அழைத்துப்போக வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வாயெல்லாம் பல். அம்மாவுக்கு நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஏதோ கோபத்தில் கை பட்டிருக்கும், அனுசரித்துப் போ என்று ஊர் பாடும் அதே பல்லவியைப் பாடி, மகளின் பையைத் தானே எடுத்து வாசலில் வைத்தாள். இந்தத் தடவை போனால் தங்கை உயிரோடு திரும்பமாட்டாள் என்று பட்டாசுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"நீங்களே சொல்லுங்கக்கா, அகிம்சை படிச்சவங்க. சண்டையை வளர்க்கலாமா?" என்றான் அவன்.

பட்டாசு எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவன் சட்டைக் காலர் அவள் கையில். இருபது வருடப் படிப்பு காற்றில் போயிற்று. ஒரே ஓர் அறை விட்டால்தான் என்ன? அவன் முகத்தில் பயமே இல்லை, சந்தோஷம். யார் அடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும்படி மாமியாரிடம் சொன்னான்.

"விடு அக்கா. இதுக்குத்தான் அவர் காத்துக்கிட்டிருக்கார்" என்றாள் தங்கை. பட்டாசு காலரை விட்டாள். தங்கை நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நான் வரலே."

அவன் சிரித்தான். கெஞ்சினான். பல்லைக் கடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பழக்க தோஷம், அவள் கையை முறுக்கி இழுத்தான். முழங்கை தரையில் மோதியது. அம்மா அதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள்.

பட்டாசு தங்கையின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அடிக்கத் துடித்த இரண்டு கைகளையும் அங்கேயே பூட்டிவைத்தாள்.

அம்மா முழங்கால் வலிக்காரி. சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, மகளின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"இழுங்க மாப்பிள்ளை" என்றாள். "இத்தனை நாள் பாக்காததை இன்னிக்கு உக்காந்து பாக்கறேன்."

அவன் கையை விட்டான்.