அண்டாவில் வடிந்த எண்ணெய்

போன வாரம் எங்கள் பழைய காரை உடைக்கக் கொடுத்தோம். முதல் வேலையாக எஞ்சினுக்கடியில் ஒரு தட்டை வைத்து, கறுப்பு எண்ணெயை ஒரு சொட்டும் சிந்தாமல் வடித்தார்கள். கூலன்ட் தனி, பேட்டரி தனி. புதுக் கண்டுபிடிப்பு போல அங்கிருந்த இளைஞர் எனக்கு விளக்கினார். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் தட்டும் எனக்கு வண்டியில் ஸ்டியரிங்கைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பது முகத்திலேயே எழுதியிருக்கும் போல. ஆனால் இந்த வேலையை எங்கள் அம்மா இதே ஊரின் இன்னொரு கோடியில், ஏ.எஸ்.ராவ் நகரில், எப்போதோ செய்து முடித்துவிட்டாள்.

அந்தக் காந்தல் வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் கொல்லைப்புறம் கண்முன் வந்துவிட்டது. அப்பாவும் தெருவில் பாதிப் பேரும் ஒரே தொழிற்சாலையில் எஞ்சினியர்கள். வேலையில் தலைமயிர் அளவு பிசகினாலும் தூங்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டரிலிருந்து வடித்த எண்ணெயை மதில் ஓரமாக ஊற்றிக்கொண்டே போவார்கள். கரையான் வராதாம். தெருவே செய்ததால் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

மதிலை ஒட்டித்தான் எங்கள் கிணறு. கோடையில் குழாயில் காற்றுதான் வரும். அக்கம்பக்கத்துக்கும் குடிக்க அந்தத் தண்ணீர்தான்.

மின்வெட்டில் தண்ணீர் இறைக்க உதவட்டும் என்று, சைனிக்புரியில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரிடம் அப்பா ஒரு டீசல் எஞ்சின் வாங்கியிருந்தார். அது ஓடிய நாளைவிட அவர் அதைக் குனிந்து பார்த்த நாள்தான் அதிகம். கடைசியில் சுத்தமாகப் படுத்துவிட்டது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிறு காலை அப்பாவும் பக்கத்து வீட்டு மணி மாமாவும் எண்ணெய் வடிக்க உட்கார்ந்தார்கள். அந்த வாரம்தான் வாளித் தண்ணீரின் மேல் லேசாக ஒரு மினுமினுப்பு மிதந்ததை அம்மா பார்த்திருந்தாள்.

சமையலறையிலிருந்து தன் கல்யாணச் சீர் அண்டாவைத் தூக்கிவந்து எஞ்சினுக்கடியில் வைத்தாள்.

"கரையானுக்கு நல்லதுதானே அக்கா" என்றார் மாமா.

"கரையான் குடிச்சது போக மிச்சம் கெணத்துக்குத்தான வரும்? அத நீங்களா குடிப்பிய?"

திருநெல்வேலிப் பேச்சு அவளை விட்டுப் போகவே இல்லை. அப்பா அண்டாவைச் சரியாக நகர்த்தி வைத்து எண்ணெயைத் திறந்துவிட்டார். எப்போது பேசக்கூடாது என்பதில் அவர் கெட்டிக்காரர்.

இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்து எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். அண்டாவைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"தேல் நக்கோ, அம்மா. லோஹாச் ஹோனா." எண்ணெய் வேண்டாமாம், இரும்புதான் வேண்டுமாம்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே உள்ளூர்ச் சொல் 'நக்கோ'. "எண்ணெ நக்கோன்னா இரும்பும் நக்கோ!" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். எண்ணெயைத் தகர டின்னில் ஊற்றி மூடி, கழிவெண்ணெயைச் சுத்தம் செய்கிற பட்டறையில் சேர்த்துவிடுவதாக ஒப்புக்கொண்டு, எஞ்சினோடு ஏற்றிப் போனார். அம்மா அதோடு விடவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அதன்பிறகு தெருவில் வடித்த எண்ணெயெல்லாம் டின்னில் எங்கள் வாசலுக்கு வந்தது. இரும்புக்காரரும் முகம் சுளிக்காமல் எடுத்துப் போனார். மதிலில் கரையான் ஏறியது. ஏறட்டுமே! அந்த அம்மாவுக்குப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம்தான்.

இப்போது அங்கே அடுக்குமாடி. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தண்ணீர் லாரியில் வருகிறது. கிணற்றை மூடிய அன்று போயிருந்தேன். மண் கொட்டுவதற்கு முன் வேலையாட்கள் ஒரு வாளி இறைத்து ஆளாளுக்கு அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒருவர் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். நல்ல தண்ணீர்.