ஆரோக்கியசாமி சார் வெட்டிய ஓடை

மாங்காட்டில் அம்மன் தரிசனத்துக்கு வரிசையில் நின்றிருந்தபோது சாரின் மனைவி ரெஜினா போனில் அழைத்தார். "டீச்சர், சார் போயிட்டாரு" என்றார். வரிசையை விட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் வானத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஏன் என்பது சாரின் கொல்லைப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

ஆரோக்கியசாமி சாரை எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியராக உங்களில் பலருக்குத் தெரியும். நான் அங்கேயே கணக்கு டீச்சர். பட்டாபிராமில் அவர் வீடும் என் வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் ஒரு மதில் சுவர்தான். ஓய்வு பெற்ற பிறகு பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது, ஊரில் எல்லோரும் செய்வதைப் போல லாரி லாரியாக மண் கொட்டி மனையை உயர்த்தினார். கொல்லை சரிவாக இறங்கி என் மதிலில் வந்து முடிந்தது. முதல் மழைக்கே அவர் வீட்டுத் தண்ணீரெல்லாம் சுவருக்கு அடியில் புகுந்து என் சமையலறைக்கு வந்துவிட்டது. சும்மா இருப்பேனா? "சார், படம் வரையத் தெரிஞ்ச அளவுக்கு வாட்டம் பாக்கத் தெரியலையே" என்று மாடியிலிருந்து சத்தம் போட்டேன். அவர் குடையோடு வந்து நின்றார். "தப்பு என்னுதுதான் டீச்சர். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு உங்க பக்கம் வராது" என்றார்.

ஒரு கால்வாய் கட்டினால் முடிந்தது வேலை. சார் கேட்கவில்லை. "வருஷத்துல முக்காவாசி நாள் காஞ்சுதான் கெடக்கப் போகுது. காஞ்ச கால்வாயை யார் பாப்பாங்க? காஞ்ச ஓடைன்னா உக்காந்து பாக்கலாம்" என்றார். மேல்முனையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி, மூலையில் வெட்டிய மழைநீர்க் குழியில் சேரும்படி பள்ளம் தோண்டினார். சென்னீர்குப்பம் பக்கம் நெடுஞ்சாலையோர நர்சரியிலிருந்து கூழாங்கற்கள் வந்து இறங்கின. வளைவுகளில் மட்டும் பெரிய பாறைகள். அவற்றைப் பாதி மண்ணுக்குள் புதைத்தார். "மேலாக்க வெச்ச கல்லு விருந்தாளி மாதிரி தெரியும். புதைச்சாத்தான் ஊர்க்காரன்" என்பார்.

கொத்தனார் ஏழுமலைக்கு இது பிடிபடவே இல்லை. "இன்னா சார், கல்லு கோணலா கீது. பாக்குறவன் என்னைத்தான் காறித் துப்புவான்" என்று முனகிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள், சந்தோஷப்படுவார் என்று நினைத்து, கல்லையெல்லாம் வரிசையாக அடுக்கி இடுக்குகளில் சிமென்ட் பூசி வழவழவென்று தேய்த்துவிட்டார். என் மாடியிலிருந்து பார்த்தேன், அழகான சாக்கடை. சார் வந்து நெடுநேரம் பார்த்தார். இன்றைக்கு ஏழுமலைக்கு இருக்கிறது என்று நான் காத்திருந்தேன். "நல்லாத்தான் பூசியிருக்க ஏழுமலை. காயறதுக்குள்ள எடுத்துடலாமா?" என்றார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகக் கழுவினார்கள். வகுப்பில் பிள்ளைகள் கெடுத்துவைத்த படங்களையும் இப்படித்தான் கூட உட்கார்ந்து திருத்துவார். அவரிடம் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பங்குனியில் ஓடை முடிந்தது. சித்திரையில் சிறுநீரகம் படுத்துவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்ததும் பின்வாசலில் நாற்காலி போட்டு ஓடையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதில் தண்ணீர் ஓடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆவடியில் பெய்தது, பூந்தமல்லியில் பெய்தது, எங்கள் தெருவுக்கு மட்டும் மேகம் கறுத்துக் காட்டிவிட்டுப் போனது. "மோட்டாரைப் போட்டு ஓஸ்ல விடட்டுமாங்க?" என்று ரெஜினா கேட்டார். "என் மாடித் தொட்டியையும் தொறந்து விடுறேன் சார்" என்றேன் நான். சார் சிரித்தார். "வேணாம் டீச்சர். நாமளே தொறந்து விட்டு நாமளே கை தட்டிக்கிறதா? வரும்போது வரட்டும்." நாங்களும் விட்டுவிட்டோம். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்துத் திறந்துவிட்டு, மழை வந்துபோனது என்று பொய் சொல்லியாவது எழுப்பியிருக்கலாம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மாங்காட்டிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது, சாரைக் குளிப்பாட்டக் கொல்லைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். பெஞ்சு போடச் சமமாக இருந்த இடம் ஓடையின் தலைமாடு ஒன்றுதான். சுற்றிலும் வேட்டியைப் பிடித்து மறைத்துக்கொண்டு ஆண்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். பெண்கள் நாங்கள் கீழே மதிலோரம் நின்றிருந்தோம். வேட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. சோப்பு நுரையோடு முதல் பாறையில் முட்டித் திரும்பி, கூழாங்கற்களுக்கு நடுவே இறங்கியது. கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. குடம் எடுக்க வெளியே வந்த ஏழுமலைதான் நின்றுவிட்டார். "டீச்சரம்மா, போவுது பாருங்க" என்றார். ரெஜினா அழுகையை நிறுத்திவிட்டு, தண்ணீர் கூடவே ஒவ்வொரு வளைவாக நடந்தார். குழிக்குள் அது விழுகிற சத்தம் கேட்டது. "ஓடுதுங்க" என்று வேட்டி மறைப்பைப் பார்த்துச் சொன்னார்.

சாரிடமிருந்து உங்களில் பலர் கோட்டையும் வண்ணத்தையும் எடுத்துப் போனீர்கள். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு சமையலறைத் தரை. போன வாரம் எங்கள் தெருவில் கொட்டித் தீர்த்தது. பழக்கத்தில் சாக்கும் வாளியுமாக ஓடிப்போய் நின்றேன். தரை காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.