மாமாவின் அம்மாவைப் பார்க்கச் சிதம்பரம் போனது

காலை ஏழு மணிக்குக் கடலூரில் பஸ் ஏறினோம். நானும், தொண்ணூறு தாண்டிய என் மாமனாரும். திருவந்திபுரத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்ததால் மாமா நெற்றியில் நாமம் ஈரமாகவே இருந்தது.

"என்னா தாத்தா, காலேஜ்ல சேரப் போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"எங்கம்மாவப் பாக்கப் போறேன்பா."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மாமா கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் அம்மா போய்விட்டார். ஒரு போட்டோகூட இல்லை. ஆனால் ஒரு நாவலை வைத்து எடுத்த பேசாத படத்தில், ஆற்றங்கரையில் பிள்ளையைத் தேடும் தாயாக நடித்தாராம். நாவல் இருக்கிறது, படம்தான் எங்கேயும் இல்லை. அந்தப் பக்கங்களை மாமா திரும்பத் திரும்பப் படிப்பார். "முகம் எப்படின்னு எழுதலியேம்மா" என்பார். அந்தப் படத்தின் ஒரு சுருள் சிதம்பரத்தில் ஒரு வீட்டில் இருப்பதாகப் போன வாரம் என் தங்கை போன் செய்தாள்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். குடிகாடு தொழிற்பேட்டை தாண்டும்போது மருந்து நெடி, அப்புறம் வயல். மாமா கண் மூடவேயில்லை. இறங்கி, எண்பது ரூபாய் ஆட்டோவில் மேல வீதிக்குப் பக்கத்துச் சந்துக்குப் போனோம்.

அந்த வீட்டுக்காரரின் தாத்தா டூரிங் கொட்டாய் நடத்தியவர். சுருள் பூஜையறையில் இருந்தது, தகர டப்பாவில், சந்தனம் குங்குமத்தோடு. வீட்டுக்காரரின் மனைவி பெருமையாகத் திறந்தார்.

"தாத்தா தொழில் பண்ண பொருளாச்சே. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை எடுத்து, சீயக்காத் தண்ணில கழுவி வைப்போம். மொதல்ல ஒரே கருப்பு அழுக்கு. இப்ப பாருங்க, கண்ணாடி மாதிரி."

மாமா ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். சுருளில் எதுவுமே இல்லை; அழுக்கென்று கழுவியது படத்தைத்தான். எதிர் வீட்டு மாடியில் காய்ந்த புடவை அதற்குள் தெளிவாகத் தெரிந்தது.

"இதுல இருந்தது யாருங்கய்யா?" என்றார் வீட்டுக்காரரின் மனைவி.

"எங்கம்மா."

அந்தப் பெண்ணின் கை வாய்க்குப் போனது. பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டார். மாமா மெதுவாகச் சொன்னார்: "அழாதேம்மா. நான் எங்கம்மாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல. நீ வருஷா வருஷம் சீயக்கா போட்டுக் குளிப்பாட்டியிருக்கே."

சுருளில் ஒரு சாண் அளவு வெட்டிக் கொடுத்தார்கள். மாமா சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு கோயில். சிதம்பர ரகசியத்துக்குத் திரையை விலக்கினார் தீட்சிதர். வெறும் வெளி, அதன்மேல் தங்க வில்வ மாலை. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்று நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. மாமா கூப்பிய கையை எடுக்கவேயில்லை, பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லும்வரை.

சாயங்காலம் வீடு வந்தோம். ஆயுத பூஜை வந்தால் அரிவாள்மணையிலிருந்து மிக்சிவரைக்கும் கழுவிப் பொட்டு வைக்கிறவள் நான். அந்தச் சுருள் எங்கள் வீட்டில் இருந்திருந்தாலும் இதே கதிதான். அதை நினைத்தபடியே, அந்தச் சுருள்துண்டை எங்கே வைப்பது என்று மாமாவைக் கேட்டேன்.

"சாமிகிட்டயே வை" என்றார். விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன்.

"வருஷத்துக்கு ஒரு தடவ நீயும் கழுவு. எங்கம்மாவுக்குப் பழகிப்போயிருக்கும்."