விளக்குகளின் முதுகில் வைத்த பொட்டு

கடற்கரை மேடைக்கு விளக்கு வாங்குவதென்றால், அது எவ்வளவு பிரகாசம் என்று கேட்பதற்கு முன்னால் அதை எந்தத் திருகாணி போட்டு மூடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி ஒரு மழைக்காலம் தாங்காது. தலை துருப்பிடித்து உதிர்ந்துவிடும், பிறகு பழுது பார்க்கக்கூடத் திறக்க முடியாது. சென்னையில் ஊரூர் ஒல்காட் மீனவர் குப்பத்தை ஒட்டிய மணலில் நாங்கள் சிலர் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை மேடை போடுகிறோம். பாட்டு, பறை, கூத்து, நடனம் எல்லாம் உண்டு. வாடகைக்கு எடுத்துவரும் விளக்குகள் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு விதத்தில் கைவிட்டன. ஒருமுறை கச்சேரியின் நடுவில் நீலம் மட்டும் எரிந்தது. பாடியவரும் பக்கவாத்தியக்காரர்களும் பிணவறையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. சொந்தமாக எட்டு விளக்கு வாங்கிவிடலாம் என்று முடிவானபோது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மின்னணுச் சாதனங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை செய்கிறேன். மழை, உப்பு, புழுதி, சூடு இவற்றில் ஒரு பொருள் எப்போது உயிரை விடும் என்று பார்ப்பதுதான் என் தொழில்.

எனக்கு அந்த விளக்குகள் இன்னொரு காரணத்துக்காகவும் தேவைப்பட்டன. அக்கா ஆடுவதை அம்மா பார்க்க வேண்டும்.

அக்காவின் சிறுவயது முழுக்க, மயிலாப்பூர் மாட வீதி வழியாக அவளை நடன வகுப்புக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனது அம்மாதான். அக்கா பெரியவளானதும் சபா மேடைகளை விட்டாள், ஆசிரியையையும் விட்டாள். குப்பத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள், அவர்களோடு கடற்கரையில் ஆடவும் செய்தாள். “மணல்ல ஆடறதுக்கா நான் அத்தனை வருஷம் வெயில்ல கூட்டிண்டு போனேன்?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை, ஒரு நிகழ்ச்சிக்கும் வரவில்லை. இருவருக்கும் இடையே சண்டை என்று எதுவும் கிடையாது. அக்கா அடையாறிலிருந்து வாரம் ஒருமுறை வருவாள், சாப்பிடுவாள், பேத்தியைப் பற்றிப் பேசுவார்கள். நடனத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

இதற்கிடையில் அம்மாவுக்குக் கண் அழுத்தம் வந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம் என்று தி.நகர் மருத்துவர் சொன்னார். நல்ல வெளிச்சத்தில் அம்மா பேப்பர் தலைப்புகளைப் படித்துவிடுவாள். அந்தி சாய்ந்தால் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடப்பாள்.

அந்த வருடம் அக்கா ஒரு முழு வர்ணம் ஆடப் போவதாகச் சொன்னாள். அம்மாவுக்குப் பிடித்த அதே வர்ணம், முக்கால் மணி நேரம். “அம்மாவை வரச் சொல்லு” என்றாள் என்னிடம். நேராகச் சொல்ல மாட்டாள்.

நான் சொன்னேன். அம்மா உடனே மறுக்கவில்லை. “வந்தாலும் அங்க எனக்கு என்ன தெரியப் போறது?” என்றாள்.

“தெரியும்மா. வெளிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

இப்படித்தான் அந்தப் பொறுப்பு எனக்கு வேறு எடை கொண்டதாக ஆயிற்று. என்னென்ன வேண்டும் என்று எழுதினேன். உப்புக் காற்றுக்கு ஈடுகொடுக்கும் அலுமினிய உடம்பு. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி. சூட்டை வெளியேற்ற விசிறி கூடாது, விசிறி மணலை உள்ளே இழுக்கும், அதற்குப் பதில் முதுகில் வரிவரியாகத் துடுப்புகள். எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் உள்ளே போகாத காப்பு. முகத்தின் நிறத்தைச் சாம்பலாக்காத வெள்ளை. எல்லாவற்றுக்கும் மேல், முதல் வரிசை நாற்காலியில் இருக்கும் அம்மாவுக்குக் கைவிரல்கள் தெரியும் அளவுக்கு வெளிச்சம்.

மாதிரிக்கு ஒரு விளக்கை முதலில் வாங்கி, எங்கள் குளியலறையில் ஷவருக்கு அடியில் எரியவிட்டேன். அம்மா கதவைத் தட்டினாள்.

“ஏண்டி, இந்த ஆத்துல மனுஷா குளிக்கறதுக்கு முன்னாடி லைட் குளிக்கணுமா?”

“இன்னும் கொஞ்ச நேரம்மா.”

“சோப்பும் போட்டுடு. தலைக்கு ஊத்தினா சாம்பிராணி காட்டணும், சொல்லு.”

குளியலறைக்குப் பிறகு அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் உப்புநீர்ப் புகையில் வைத்தேன். அதிலும் தேறியது. ஆனால் அந்த மாடலை நான் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் ஒரு சின்ன விஷயம். விளக்கின் முதுகில், துடுப்புகளுக்கு நடுவே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டமான குழி இருந்தது. அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு. காற்று அதன் வழியே போகும் வரும், தண்ணீர் போகாது. எரியும் விளக்குக்குள் காற்று சூடாகி விரிந்திருக்கும். மழை கொட்டினால் சட்டென்று குளிர்ந்து சுருங்கி, வெளியிலிருந்து காற்றை இழுக்கும். அந்த இழுப்புக்கு ஒரு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் கண்ணாடியின் ரப்பர் ஓரமாக, மழைத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். விலை குறைந்த விளக்குகளில் இந்த மூச்சுத் துளை இருப்பதில்லை. இதில் இருந்தது. வாங்கச் சொல்லிவிட்டேன்.

மீதி ஏழு விளக்குகளும் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மாதிரி விளக்கு ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது. புத்தகங்கள், அரிவாள்மணை, கத்திரிக்கோல், என் மல்டிமீட்டர் எல்லாவற்றையும் கூடத்தில் மணைமேல் அடுக்கிவிட்டு அம்மா சொன்னாள்:

“அந்த லைட்டையும் கொண்டுவந்து வை.”

நான் அவளைப் பார்த்தேன்.

“என்ன பார்க்கறே? அவ ஆடப்போற எடத்துல எரியப் போறது. சும்மாவா எடுத்துண்டு போறது?”

அத்தனை வருடத்தில் அக்காவின் ஆட்டத்தைப் பற்றி அம்மா தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் ஏழு விளக்குகளையும் துண்டு விரித்து வரிசையாக வைத்தேன். அம்மா கல்லில் சந்தனம் அரைத்துக் கெட்டியாக வழித்துக்கொண்டு வந்தாள்.

“எங்க வெக்கட்டும்? கண்ணாடிலயா?”

“கண்ணாடில வேண்டாம்மா, வெளிச்சத்தை மறைக்கும். பின்பக்கம் வை.”

கண்ணாடி தரையைப் பார்க்க எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொடுத்தேன். அம்மா விளக்கின் முதுகைக் கையால் தடவினாள். எல்லாம் வரிவரியாக இருந்தது, சந்தனம் நிற்க இடமில்லை. விரல் நகர்ந்து நகர்ந்து நடுவே அந்த வட்டத்தைக் கண்டுபிடித்தது. “ஆ, இதோ இடம் விட்டிருக்கானே” என்று சொல்லி, சந்தனத்தை வைத்து அழுத்தி, மேலே குங்குமம் இட்டாள். ஏழுக்கும் அப்படியே. ஏழும் நேர்வரிசையாக, அளந்து வைத்ததுபோல் வந்தன. நான் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். “அம்மா வெச்சாளா? அவளேவா?” என்று அக்கா கேட்டாள். பிறகு தொலைபேசியில் கூப்பிட்டாள். கூப்பிட்டு அதையே மறுபடி கேட்டாள்.

பூஜையில் வைத்த பொட்டை எங்கள் வீட்டில் யாரும் துடைப்பதில்லை. அது தானாக உதிரும்வரை இருக்கும்.

ஒத்திகையில் விளக்குகள் அழகாக எரிந்தன. மழை இல்லை. தண்ணீர்ச் சோதனையைத்தான் ஏற்கெனவே முடித்தாயிற்றே.

நிகழ்ச்சியன்று மாலை அம்மா வந்தாள். மணலில் நடக்கக் கஷ்டப்பட்டாள். மீன் விற்கும் ஒரு அம்மாள் மறுபக்கம் பிடித்துக்கொண்டு, “மெதுவா வா பாட்டிம்மா, கடலு எங்கியும் போவாது” என்றாள். முதல் வரிசையில் எனக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டேன். விளக்கு இயக்கும் பலகை என் மடியில் இருந்தது. மேடைக்குச் சாரம் கட்டியவர் கே.கே. நகரில் பந்தல், ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கும் பாய். விளக்குகளை மாட்டியவரும் அவரே. மாதிரி விளக்கைக் கடைசியாகப் பாட்டுக்காரர்கள் பக்கம் ஓரத்தில் மாட்டினார்.

பறை ஆட்டம் முடிந்தபோது மழை பிடித்தது. எல்லோரும் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கினோம். பாய் என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: “இன்னா மேடம், லைட்டை அணைக்கணுமா?”

“வேண்டாம் பாய். இதுக்குத்தானே இதை வாங்கினோம்.”

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. மேடையைத் துடைத்தார்கள். அக்கா பச்சைப் பட்டில் வந்து நின்றாள். முழு வெளிச்சம் கொடுத்தேன். அம்மா முன்னால் குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இளைச்சிருக்கா” என்றாள். அவள் பார்க்கிறாள் என்பது அதில் தெரிந்தது. நான் பலகையைக்கூட மறந்துவிட்டேன்.

முதல் ஜதி முடிவதற்குள் நடு விளக்கு துடித்தது. சிவப்பாகி அணைந்தது. பிறகு பக்கத்து விளக்கு. ஒவ்வொன்றாக ஏழும் போயின. பாட்டுக்காரர்கள் மேல் விழுந்த ஒற்றை விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மேடையின் நடுவில் இருட்டு. பாய் பழைய ஹாலஜன் விளக்கை எடுக்கத் தன் வண்டிக்கு ஓடினார். அக்கா நிறுத்தவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கைபேசி விளக்கைப் போட்டு உயர்த்தினார்கள். இன்றைக்கும் அந்த மாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள், எவ்வளவு அழகாக இருந்தது என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது போதுமான வெளிச்சம்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். “இப்போ எங்க இருக்கா?”

“நடுவுலம்மா.”

“என்ன பண்றா?”

“கை மேல இருக்கு. திரும்பறா. இப்போ உட்கார்ந்துட்டா.”

அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். வலது கை, இடது கால், நிற்கிறாள், நடக்கிறாள். அக்காவின் முகத்தில் வந்துபோன கோபத்தையும் கெஞ்சலையும் எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சரக்கு இறக்கும்போது எண்ணிக்கை சொல்வதுபோல் அம்மாவுக்கு என் அக்காவைச் சொன்னேன். ஹாலஜன் வந்து சேர்ந்தபோது அக்கா கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். “தெரிஞ்சுதாம்மா?”

அம்மா பொய் சொல்லமாட்டாள். “ஆரம்பம் தெரிஞ்சுது. பச்சை உனக்கு நன்னா இருந்தது. அப்புறம் இவ சொன்னா.”

மறுநாள் காலை பாயின் கடையில் விளக்குகளைத் திறந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி ஆடியது. “இன்னா மேடம் இது, மீன் தொட்டி மாரி கீது. ரெண்டு குப்பி மீனு வாங்கி உட்டுடலாமா?” என்றார் பாய். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, “ரப்பர் சரியில்லை, அவ்ளோதான். உடு, நீ இன்னா பண்ணுவே” என்றார்.

ரப்பர் சரியாகத்தான் இருந்தது. ஏழில் தண்ணீர், ஒன்றில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒரே மாடல், ஒரே மழை. அந்த ஒன்றுக்கும் மற்ற ஏழுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே ஒரு விளக்கைத் திருப்பினேன். முதுகின் நடுவில் மஞ்சளாக ஒரு கறை. மேலே இருந்த சந்தனத்தை மழை கழுவியிருந்தது. குழிக்குள் போய் இறுகியது அப்படியே இருந்தது. குண்டூசியால் கீறினேன். இத்தனை தண்ணீருக்குப் பிறகும் வாசனை போகவில்லை.

பூஜையன்று எடுத்த படம் என் கைபேசியிலேயே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு பொட்டும் ஏழு மூச்சுத் துளைமேல். கடல், உப்பு, மணல், மழை எல்லாவற்றையும் நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டை நினைக்கவில்லை. அந்தப் படத்தை நானும் அக்காவும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதில் அம்மாவின் சம்மதத்தைத் தவிர வேறெதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தாள். “அம்மாகிட்ட சொல்லிடாதே. அவளா வந்து பண்ணினது அது” என்றாள்.

அந்த வாரமே அம்மா கேட்டுவிட்டாள். “ஷவர்ல போட்டே, உப்புல போட்டே. ஒரு தூறலுக்கு நிக்காத சாமானைப் போயா பொறுக்கி எடுத்தே?”

“ஆமாம்மா. தப்பா எடுத்துட்டேன்.”

“நல்லவேளை, உன் ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது” என்றாள். என்னைத் தேற்றுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

விளக்குகளைக் காயவைத்து, உள்ளே பழுதான பாகங்களை மாற்றி, துளைகளைச் சுத்தம் செய்து மீண்டும் மூடினோம். அடுத்த சரஸ்வதி பூஜைக்கு அவை எங்கள் வீட்டில்தான் இருந்தன. இம்முறை எங்கே வைக்கச் சொல்வது என்று முன்பே யோசித்துவைத்திருந்தேன். மாட்டும் கொக்கியில் தாராளமாக இடம் இருந்தது. விளக்குகளை எடுத்துவரவா என்று கேட்டேன். அம்மா கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்குள் பார்வை இன்னும் குறைந்திருந்தது. சந்தனக் கட்டையைக்கூட நான்தான் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

“அந்த லைட்டா? அதுக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றாள். “உன் மீட்டரை மட்டும் வை.”

அந்த வருடம் நிகழ்ச்சியன்று பெரிய மழை. எட்டு விளக்குகளும் கடைசிவரை எரிந்தன. அக்கா அதே வர்ணத்தை ஆடினாள். முதல் வரிசையிலிருந்து பார்த்தபோது அவள் விரல் நகங்களின் மருதாணி வரை தெரிந்தது. பாய் என் பக்கத்தில் வந்து, “சூப்பர் லைட் மேடம், ஜோரா எடுத்துக்கினே” என்றார். வீட்டுக்குப் போனதும் அம்மா, விளக்கு எரிந்ததா என்று கேட்டாள். எரிந்தது என்றேன். “சரி” என்றாள். அவள் வந்திருக்கவில்லை.