ஸ்டெல்லா பார்த்துக்கொண்ட விரல்கள்

அன்று காலை வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் ஸ்டெல்லாதான் என்று நினைத்து, "ஏன் இவ்வளவு லேட்டு? வெங்காயம் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு லா!" என்று அடுப்படியிலிருந்தே கத்தினேன். உள்ளே வந்தது அவளுடைய மருமகள். "ஆன்ட்டி, அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். அதன் பிறகு அன்று என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை.

செனாய் தொழிற்சாலையில் எங்களோடு ஒரே லைனில் நின்ற உங்களுக்கெல்லாம் ஸ்டெல்லாவின் வாய் தெரியும். சூப்பர்வைசரையே வாயடைக்க வைத்தவள். ஆனால் வேலையை விட்டு நின்ற பிறகு, கூலாயில் என் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு அவள் எனக்குச் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது நடை வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. இடது கை விரல்களில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. அசையும், ஆனால் சூடு தெரியாது, வலி தெரியாது. சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் கடைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். தினமும் அதே சாம்பார். ஒரு நாள் ஸ்டெல்லா டிபன் கேரியரைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இதைத் தின்னா நல்லா இருக்கற கையும் விழுந்துடும், சரோ" என்று சொல்லிவிட்டு, ஒரு வெங்காயத்தை என் முன்னால் வைத்தாள். "வெட்டு. நான் வெட்டித் தர மாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து சமைக்கிறவள், எனக்கென்ன கத்தி புதுசா என்று நினைத்தேன். நினைப்புக்குச் சீக்கிரமே அடி விழுந்தது. ஊர்க்கதை ஒன்றை அவளிடம் சொல்லிக்கொண்டே காரட் நறுக்கினேன். "அலமாக்! ஐயோ, கையைப் பாருடி!" என்று அவள் அலறிய பிறகுதான் பலகை முழுக்க ரத்தம் என்பதைக் கண்டேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கிளினிக்கில் தையல் போட்டார்கள். மகன் போனில், "கத்தியையே தொடாதீங்கம்மா. வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்க" என்றான். கணவர் போன பிறகும் நான் விடாத வீடு இது. அழுதுகொண்டே சரி என்று சொல்லப் போனேன். ஸ்டெல்லா போனைப் பிடுங்கினாள். "தம்பி, உங்கம்மா விரலை நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

சொன்னபடியே பார்த்தாள். தினமும் சர்ச்சில் திருப்பலி முடிந்ததும் நேராக வந்து என் எதிரே உட்காருவாள். பலகை நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. உருண்டையான எதையும் முதலில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். "உன் கை சொல்லாது, கண்ணுதான் சொல்லணும். விரலைப் பாரு" என்பாள். "பேசணும்னா கத்தியைக் கீழ வை" என்பாள். எங்கள் இருவருக்கும் வாய் சும்மா இருக்குமா? பாதி நேரம் கத்தி கீழேதான் கிடக்கும். ஒரு கத்திரிக்காய்க் குழம்பு வைக்க மத்தியானம் ஆகிவிடும்.

ஒரு முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ என்ன எனக்கு சூப்பர்வைசரா? முறைச்சுப் பாத்துக்கிட்டே இருக்க!" என்றேன். எழுந்து போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. நான் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். அதற்கடுத்த நாள் பெரிய பரங்கிக்காயோடு வந்து நின்றாள். "உன் மூஞ்சி மாதிரியே உப்பிக்கிட்டு இருந்துச்சு, வாங்கிட்டேன்." சிரித்த சிரிப்பில் அன்று பரங்கிக்காயை வெட்டவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் தனியாகப் பலகையை எடுத்து வைத்தேன். தக்காளி வெட்டும்போது கேட் சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். யாருமில்லை, காற்று. குனிந்தபோது விரலில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அலற ஆளில்லை. நானே கழுவி, நானே அழுத்திப் பிடித்து, பிளாஸ்டரைப் பல்லால் பிரித்து ஒட்டினேன். பிறகு தரையில் உட்கார்ந்து, விட்டுவிட்டுப் போய்விட்டாயேடி என்று அவளைத் திட்டித் திட்டி அழுதேன். அழுது ஓய்ந்ததும் எழுந்து, வேறு தக்காளி எடுத்து வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, "இனிமே யாரும்மா பாத்துக்குவா?" என்றான்.

"வெட்டிக்கிட்டேன். கட்டினேன். திரும்பவும் வெட்டினேன். மீன் குழம்பு நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு" என்றேன். அவன் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். வீட்டைப் பூட்டும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், என் இடது கை என்றுதான் சொல்வேன். நான் வேண்டாமென்று விடப் பார்த்த கை அது. விரலை மடக்கி, கண்ணை அதன்மேல் வைத்து, வாயை மூடிக்கொண்டு வெட்டுகிறேன். காலை பத்தரைக்கெல்லாம் சமையல் முடிந்துவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை, ஸ்டெல்லா.